ப்ரெட்டி உமன்: கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்தது யார்?

கடைசிவரிசை:
நேற்று ராத்திரி ‘ப்ரெட்டி உமன்’ மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். 1990இல் கேரி மார்ஷல் இயக்கிய படம். பார்க்காதவர்களுக்குக் கதை: கம்பெனிகளை வாங்கித் துண்டு துண்டாக விற்றுக் காசாக்கும் எட்வர்ட் (ரிச்சர்ட் கியர்), ஹாலிவுட்டில் வழி தெரியாமல் நிற்கிறான். வழி சொல்லவே காசு கேட்கும் விவியன் (ஜூலியா ராபர்ட்ஸ்) தெருவில் நின்று பிழைக்கும் பாலியல் தொழிலாளி. ஆறு நாள் கூட இருக்க மூவாயிரம் டாலர் என்று பேசி முடிக்கிறார்கள். அப்புறம் காதல்.

இதை எல்லோரும் சிண்ட்ரெல்லா கதை என்கிறார்கள். படத்தில் கிட் என்ற விவியனின் தோழியே சிண்ட்ரெல்லாவைத்தான் உதாரணம் காட்டுகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வயதில் அம்மா பரணில் பூட்டி வைக்கும்போது, தான் கோபுரத்தில் சிறைப்பட்ட இளவரசி என்றும் வெள்ளைக் குதிரையில் வீரன் வருவான் என்றும் கற்பனை செய்ததாக விவியன் சொல்கிறாள் இல்லையா? ஆனால் படத்தில் உச்சி மாடியில் குடியிருப்பது யார்? எட்வர்ட். உயரம் என்றால் நடுங்குகிறவன் பென்ட்ஹவுஸ் எடுக்கிறான். ஏனென்றால் ஹோட்டலில் அதுதான் ஒசத்தி. பால்கனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விவியன்தான் சர்வசாதாரணமாகக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காருகிறாள். சிறையில் இருப்பது அவன், மீட்க வந்தவள் அவள். கடைசியில் விவியன் வீட்டுக்கு வெளியே இருக்கும் அவசரகால இரும்புப்படியில் அவன் ஏறுவதுதான் விடுதலை. இதுதான் என் கட்சி. வாருங்கள்.

இடைவேளை:
கோபுரத்துக்கு நாள் வாடகை என்னவென்று பார்த்தீர்களா? அதைக் கொடுப்பவன் சிறைவாசி, வாடகைப் பணத்தைத் தோழி போதை மருந்துக்குக் கொடுத்துவிட்டாள் என்று தெருவில் நிற்பவள் மீட்பரா? நன்றாக இருக்கிறது.

எனக்கு ரோடியோ டிரைவ் என்ற பணக்காரக் கடைவீதியில் வரும் துணிக்கடைக் காட்சி ஒன்று போதும். முதல் நாள் விவியன் தனியாகப் போகிறாள். கையில் எட்வர்ட் கொடுத்த நோட்டுக்கட்டு. விலை கேட்கிறாள். “உங்களுக்குப் பொருந்தாது” என்கிறாள் விற்பனைப் பெண். பொருந்துமா என்று கேட்கவில்லையே, விலைதானே கேட்டேன் என்றால், “ரொம்ப விலை” என்று சொல்லி வெளியே அனுப்புகிறார்கள். அடுத்து எட்வர்டோடு இன்னொரு கடைக்குப் போனால் மேனேஜர் தரையில் விழாத குறை. பணம் அதே ஆளுடையது, அவளும் அதே அவள். மாறியது பக்கத்தில் ஓர் ஆண் நின்றது மட்டும்தான். பைகளைத் தூக்கிக்கொண்டு பழைய கடைக்கே போய் “பெரிய தப்பு பண்ணிவிட்டீர்கள்” என்று சொல்லும்போது நாம் கைதட்டுகிறோமே, எதற்கு? அவமானத்துக்கு மருந்து கிரெடிட் கார்டு என்று ஒத்துக்கொண்டதற்கா?

இன்னொன்று. ஜே. எஃப். லாட்டன் முதலில் எழுதிய திரைக்கதையின் பெயரே ‘3000’. அதில் காதலும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. கடைசியில் அவளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் பணத்தை அவள்மேல் எறிந்துவிட்டுப் போகிறான். விவியனும் கிட்டும் டிஸ்னிலாண்டுக்கு பஸ் ஏறுகிறார்கள், விவியன் வெறித்த பார்வையோடு. அதை வாங்கித் தேன் தடவியது டிஸ்னியின் டச்ஸ்டோன் நிறுவனமேதான். வேடிக்கையைப் பாருங்கள்.

பாப்கார்ன்அக்கா:
தம்பிகளா, இரண்டு பேரும் பார்னியை மறந்துவிட்டீர்கள்.

ஹோட்டல் மேனேஜர் பார்னி தாம்சன் (ஹெக்டர் எலிசாண்டோ). கடையில் அவமானப்பட்டு, கண்ணீரும் நோட்டுக்கட்டுமாக விவியன் வந்து நிற்கும்போது அவர் ஒரு பைசா செலவு செய்யவில்லை. தெரிந்த கடைக்கு ஒரு போன் போடுகிறார், அவ்வளவுதான். எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்று பற்களை எண்ணிக் காட்டிச் சொல்லித் தருகிறார். சிண்ட்ரெல்லாவுக்கு உதவும் தேவதையின் வேலை அதுதானே? இடைவேளை தம்பி, ‘ஆண் நின்றால்தான் மரியாதை’ என்கிறீர்கள். இவரும் ஆண்தான். ஆனால் இவருக்கு அவளிடமிருந்து வேண்டியது ஒன்றும் இல்லை.

ஓபரா என்ற இசை நாடகம் பார்க்கப் போனபோது விவியன் போட்டுக்கொண்ட நெக்லஸ், கடைசியில் அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எட்வர்ட் பார்னியிடம்தான் தருகிறான். கால் மில்லியன் டாலர் இரவல் நகை. மாயம் கலையும் சிண்ட்ரெல்லாவின் பன்னிரண்டு மணி அதுதான். பார்னி திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான ஒன்றை விட்டுக்கொடுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும் என்கிறார். அப்படியே, நேற்று விவியனை வீட்டில் இறக்கிவிட்டது நம் டிரைவர் டாரில்தான் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. தேவதை, சாரதி, வண்டி எல்லாம் வந்துவிட்டது!

(அந்தப் பெட்டியை எட்வர்ட் பட்டென்று அவள் விரல்மேல் மூடுவது திரைக்கதையில் இல்லாத குறும்பு. ஜூலியாவின் அந்தச் சிரிப்பு நிஜம். படத்திலேயே வைத்துவிட்டார்கள்.)

இடைவேளை:
அக்கா, பார்னியை எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் சந்திப்பில் அவர் என்ன செய்தார்? உன்னை எட்வர்டின் உறவுக்காரப் பெண் என்று வைத்துக்கொள்வோம், அவர் கிளம்பியதும் இந்த ஹோட்டலில் உன்னைப் பார்க்கக் கூடாது என்று நாசூக்காக எச்சரித்துவிட்டுத்தான் போனையே எடுத்தார். கதவு எப்போதும் பாதிதான் திறக்கிறது.

எட்வர்டின் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். போலோ மைதானத்தில் இவனுடைய வக்கீல் ஸ்டக்கி அவளை உளவாளி என்று சந்தேகித்ததும், அவள் யார் என்று இவன்தான் போட்டுக் கொடுக்கிறான். ஸ்டக்கி கடைசியில் அவள்மேல் பாய்ந்தது அந்தத் தைரியத்தில்தான். அப்புறம் குத்து விட்டு வேலையை விட்டுத் துரத்தினால் சரியாகிவிடுமா?

கடைசிவரிசை:
போலோ விஷயத்தில் வாதமே இல்லை, அது கேவலம். விவியனும் சும்மா விடவில்லை. இவ்வளவு மலிவாக யாரும் என்னை உணர வைத்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு காட்சி. முதல் ராத்திரி, குளியலறையில் அவள் எதையோ பின்னால் மறைக்கிறாள். போதை மருந்து என்று நினைத்து எட்வர்ட் கத்துகிறான். கையைப் பிரித்தால் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூல்! ஸ்ட்ராபெரி சாப்பிட்டாளாம், விதை மாட்டிக்கொண்டதாம். அவன் அசந்துபோய், என்னை யாரும் லேசில் ஆச்சரியப்படுத்துவதில்லை என்கிறான். காசு விளையாடாத முதல் நிமிடம் அது. அதுவரை எல்லாமே பேரம். மறுநாளும் பேரம்தான். இரண்டாயிரத்துக்கே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று அவள் சொல்ல, நாலாயிரம்கூடக் கொடுத்திருப்பேன் என்று அவன் சொல்வதும் முழு வியாபாரப் பேச்சுதானே?

நியூயார்க்கில் அபார்ட்மென்ட், கார் எல்லாம் தருகிறேன் என்றபோது அவள் வேண்டாம் என்றாளே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் இடைவேளை?

இடைவேளை:
அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அங்கேதான் படம் கையைவிட்டுப் போகிறது.

அவள் வேண்டாம் என்றாள். சரி. பெட்டி கட்டினாள். சான் பிரான்சிஸ்கோ போய் வேலை தேடி, விட்ட பள்ளிப் படிப்பை முடிக்கப் போவதாகச் சொன்னாள். கிட்டின் கையில் ஒரு கட்டுப் பணத்தைத் திணித்து ‘எட்வர்ட் லூயிஸ் உதவித்தொகை’ என்றாள். இதுதான் ஐயா தேவதைக் கதை! யாருடைய வண்டியும் இல்லாமல் பஸ் ஏறப் போகிற பெண். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அப்போது பார்த்து வெள்ளை லிமோசின் ஹார்ன் அடிக்கிறது.

பாப்கார்ன்அக்கா:
ஹார்ன் மட்டுமா? அவளோடு பார்த்த லா ட்ராவியாட்டா ஓபராவின் சங்கீதத்தோடு வருகிறான். அந்த ஓபராவில் இவளைப் போலவே காசுக்குப் பழகும் நாயகி வயலெட்டா செத்துப்போவாள். இவளாவது பிழைத்தாளே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

கடைசிவரிசை:
அந்த பஸ்ஸை நான் இதுவரை யோசித்ததே இல்லை. என்றாலும் அவன் பூங்கொத்தோடு நடுங்கிக்கொண்டே ஏறுவதையும், இளவரசியை மீட்ட பிறகு என்ன ஆகும் என்று கேட்பதையும், பதிலுக்கு அவளும் அவனை மீட்டுவிடுவாள் என்று விவியன் சொல்வதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் கட்சிக்கு அந்த ஒரு வசனம் போதும்.

இடைவேளை:
வசனத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் படிப்பை முடித்தாளா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.