அனோரதா சாலையை அம்மா எப்படிக் கடப்பது?

ரங்கூன்காரி: வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை ரங்கூன் அனோரதா சாலை காளி கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். கோடு போட்ட இடத்திலும் வண்டிகள் நிற்பதில்லை. மூட்டுவலியோடு மேம்பாலப் படி ஏற அவரால் முடியாது. என்ன செய்யலாம்?

பழைய டிரைவர்: தங்கச்சி, நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் மட்டும் கடக்காதீங்க. 1970-இல் நம்ம பர்மா வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறிச்சு. ஆனா ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். பஸ்ஸை இடப்பக்கமா முந்துற டிரைவர் அந்த பஸ்ஸை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். முன்னால் வர்ற ஆள் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பஸ் போகட்டும், அப்புறம் கடங்க.

மோல்மீன் தம்பி: அக்கா, சிக்னல் சந்திப்பு வரை நடந்துடுங்க, திரும்புற வண்டிகளைக் கவனிங்க. வயசானவங்களுக்குப் படிக்கட்டைக் காட்டுறது நியாயமே இல்லை. சாலை நடுவில் நின்னு போக ஒரு திட்டு வேணும், வேகமும் குறையணும். வேகம் இரட்டிச்சா பிரேக் பிடிச்சு நிற்கும் தூரம் நாலு மடங்காகுது.

ரங்கூன்காரி: நன்றி அண்ணே, தம்பி. அம்மா நடைக்குப் பச்சை விளக்கு நேரம் போதுமா?

பழைய டிரைவர்: பாதியில் இறங்காதீங்க. அடுத்த பச்சை விழுந்ததும் கிளம்புங்க. வண்டி வர்ற பக்கம் நீங்க நடங்க.