மீன், ஆமை மாதிரி ரோபோ செய்து தண்ணீரில் விட்டவர்கள் யாராவது? என்ன ஆச்சு?

காசிமேட்டுக்காரன்:
ஃபைனல் இயர் புராஜெக்ட், சூரை மாதிரி ஒன்று. அச்சில் ஊற்றிய சிலிக்கோன் ரப்பர் வால், அதை ஆட்ட ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு சர்வோ மோட்டார், கட்டுப்பாடு போனில், புளூடூத். காலேஜ் தொட்டியில் அரையடி ஆழத்தில் அழகாக நீந்தியது. கடலிலும் ஒரு வீடியோ இருந்தால் ரிவ்யூவில் கெத்தாக இருக்குமே என்று, விடியற்காலையில் ஒரு ஃபைபர் போட்டில் ஹார்பரைத் தாண்டிப் போனோம். இறக்கிவிட்டதும் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே போனது பாருங்கள், போனில் இணைப்பு அறுந்துவிட்டது, வால் மட்டும் ஆடிக்கொண்டே போகிறது, நாங்கள் நாலு பேரும் போனையே தட்டிக்கொண்டு நிற்கிறோம். போட்டுக்காரப் பெரியவர் குடித்துக்கொண்டிருந்த பீடியை என் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தார். ரோபோவோடு மேலே வந்ததும் முதலில் பீடியைத்தான் கேட்டார். அப்புறம், "ஏன் தம்பி, நூல் கட்டாமலா காத்தாடி உடுவீங்க?" என்றார். மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் காதிலேயே இருக்கிறது.

பெசன்ட்நகர் ஆமை:
எனக்கு ஸ்கூலில். ஆமை நடைக்கு ராத்திரி போனபோது பங்குனி ஆமை ஒன்று முட்டையிடக் குழி தோண்டுவதைப் பார்த்தேன். பின்துடுப்பு கரண்டி மாதிரி வளைந்து மணலை அள்ளி, ஒரு பொடி சிந்தாமல் ஓரமாக வைக்கிறது. சரி, பின்துடுப்பு குழி தோண்டத்தான் போல என்று முடிவு கட்டி, எங்கள் ஆமை ரோபோவில் முன்துடுப்புக்கு மட்டும் மோட்டார் வைத்து, பின்துடுப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டேன். போட்டியில் ஜட்ஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது எப்படிம்மா திரும்பும்?" அதற்குள் ரோபோ நேராகப் போய்த் தொட்டிச் சுவரில் முட்டி, முட்டிக்கொண்டே நின்றது. நிஜ ஆமைக்குப் பின்துடுப்புதான் சுக்கான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஈயக்குண்டு:
காசிமேட்டுத் தம்பி, தப்பு கயிறில் இல்லை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, உப்புத் தண்ணீர் அதை அங்கேயே விழுங்கிவிடும். ஒயர் போடு, இல்லையென்றால் ஒலியில் பேசு. 2018இல் அமெரிக்காவின் எம்ஐடிக்காரர்கள் விட்ட சோஃபி என்ற ரோபோ மீன்கூட ஒலியில்தான் கட்டளை வாங்கியது. அடுத்து மிதப்பு. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, கடல் தண்ணீர் சுமார் 1.025. மூன்று லிட்டர் பருமன் உள்ள ரோபோ என்றால் கடலில் 75 கிராம் கூடுதலாக மேலே தள்ளும். அப்படியிருந்தும் உன்னுடையது மூழ்கியிருக்கிறது என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, மூடியின் ஓ ரிங்கை, அதான் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, பார். காற்று அடைத்த டப்பாவையே நம்பாதே, 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். ஆள் உட்கார இடம் வேண்டும் என்பதால்தான் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்ஐஓடி) ஆழ்கடல் நீர்மூழ்கி மத்ஸ்யா 6000க்கு 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம் கோளம். நத்தைமீன் என்ற ஆழ்கடல் மீனைப் பார்த்துச் செய்த சீன ரோபோவுக்கு அந்தக் கூடே கிடையாது. மின்னணுப் பாகங்களைத் தள்ளித்தள்ளி வைத்துச் சிலிக்கோனில் புதைத்து, மரியானா அகழியில் 10,900 மீட்டரில் துடுப்பை ஆட்டிக் காட்டினார்கள், 2021இல் கட்டுரை வந்தது. நீ சர்வோவுக்குள் காற்று இல்லாதபடி மினரல் ஆயில் ஊற்று, போதும்.
என் கதையா? பட்டினப்பாக்கத்தில் என்னுடையது செத்த மீன் மாதிரி மல்லாந்து மிதந்தது. தூண்டில்காரரிடம் இரண்டு ஈயக்குண்டு வாங்கிக் கட்டினேன்.

வேளச்சேரி கணவாய்:
ஈயக்குண்டு சார், கேட்டது அனுபவம், நீங்கள் செமஸ்டரே முடித்துவிட்டீர்கள். நாங்கள் கணவாய் மாதிரி ஓரத்தில் அலையலையாக ஆடும் துடுப்பு வைத்து, ராத்திரி அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் விட்டோம். வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்து, "சார், குளத்துல மீனெல்லாம் உடக்கூடாது, அசோசியேஷன்ல கேப்பாங்க" என்றார். எக்ஸ்டர்னல் போட்ட மார்க்கைவிட எனக்கு அதுதான் பெரிசு.

காசிமேட்டுக்காரன்:
ஓ ரிங்தான் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், மூடியைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. ஆனால் உறுத்துவது அது இல்லை. ரிப்போர்ட்டில் நன்றி என்று ஒரு பக்கம் உண்டே, அதில் பிரின்சிபால், ஹெச்ஓடி, லேப் அண்ணன் வரைக்கும் போட்டோம். குதித்தவர் பேரை நாலு பேரில் ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.