தேர்ட் அண்ட் லாங் வந்தால் ஆப்ஷன் அணி முடிந்ததா?

சுழல்பந்து:
வேறொரு இழையில் நெப்ராஸ்கா பித்தன் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி இது: "ஆப்ஷன் ஆடுற காலேஜ் டீமுக்கு தேர்ட் அண்ட் எய்ட் ஒரு பிரச்சினையே இல்லை." அமெரிக்கன் ஃபுட்பாலில் 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி, அதாவது டவுன்; மூன்றாவதில் இன்னும் எட்டு யார்டு மிச்சம் என்றால் தேர்ட் அண்ட் எய்ட். ஆப்ஷன் என்பது பந்தை ஓடியே நகர்த்தும் முறை: ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், எதிரணியில் ஒருவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்து, பந்தை நடுவில் ஓடுபவரிடம் கொடுப்பார் (டைவ்), தானே ஓடுவார், அல்லது பக்கவாட்டில் ஓடுபவருக்கு வீசுவார் (பிட்ச்). அந்த வரியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிரச்சினை இல்லையா? ஃப்ளெக்ஸ்போன் என்ற ஆப்ஷன் அமைப்பில் லைன்மேன், அதாவது முன்வரிசைத் தடுப்பாளர், கையைத் தரையில் ஊன்றி, உடல் எடையை முன்னால் போட்டு நிற்பவர். பாய்வதற்கான நிலை அது. பாஸ், அதாவது பந்தை முன்னால் எறியும் ஆட்டம், என்றால் முதல் அடியைப் பின்னால் வைக்க வேண்டும். எடை கையில் இருப்பதால் அந்த அடி தாமதமாகிறது. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி வேறு. உள்ளே நுழைபவருக்கு அது திறந்த கதவு. குவாட்டர்பேக்கோ வாரம் முழுக்க எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டிஃபென்சிவ் எண்டைப் பார்த்து முடிவெடுக்கப் பழகியவர். ஏழு பேர் பின்வாங்கி நின்று பாஸைத் தடுக்கும் கவரேஜை எப்போது படிக்கக் கற்றார்?

நெப்ராஸ்கா பித்தன்:
பாஸ் போடணும்னு யார் சொன்னது சார்? தேர்ட் அண்ட் எய்ட்ல டிஃபென்ஸ் என்ன பண்ணும்னு பாருங்க. ரெண்டாவது வரிசையில நிக்கிற ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்து, பாஸ் வாங்க ஓடுறவங்களைத் தடுக்கிற கார்னரை உள்ளே விடுவாங்க. கடைசி வரிசை சேஃப்டி ரெண்டு பேரும் 12, 14 யார்டு பின்னாடி போயிடுவாங்க. எண்டு ரெண்டு பேரும் டைவை மறந்துட்டு வெளிப்பக்கமா ஏறி குவாட்டர்பேக்கைத் தேடி வருவாங்க. நடுவுல ஆளே இல்லை. அங்கதான் குவாட்டர்பேக்குக்குப் பின்னாடி நிக்கிற ஃபுல்பேக் ஓடுற 'ட்ராப்'. பாய்ஞ்சு வர்ற எதிரணி டேக்கிளை வேணும்னே தொடாம உள்ளே விடணும். நம்ம லைன்ல மறுபக்கம் நிக்கிற கார்டு குறுக்கே ஓடி வந்து அவரைப் பக்கவாட்டுல இடிச்சுத் தள்ளுவார். அவர் வந்த வழியிலயே ஃபுல்பேக் போயிடுவார். 1995 ஜனவரி 1, சீசன் முடிவுல நடக்கிற ஆரஞ்ச் பௌல் ஆட்டம், மயாமிக்கு எதிரா நாலாவது குவாட்டர்ல எங்க நெப்ராஸ்கா ஃபுல்பேக் கோரி ஷ்லெசிங்கர் போட்ட ரெண்டு டச்டவுனும் இந்த ட்ராப்தான். ஒண்ணு 15 யார்டு, ஒண்ணு 14. 24-17 ஜெயிச்சோம்.

அதுவும் போதாதுன்னா 1984 ஜனவரி 2, அதே ஆரஞ்ச் பௌல், அதே மயாமி. ஃபோர்த் அண்ட் எய்ட். எங்க முக்கிய ஓட்டக்காரர் ரோசியர் காலில் அடிபட்டு வெளியே இருக்கார். குவாட்டர்பேக் டர்னர் கில் ஆப்ஷன் ஓடி ஜெஃப் ஸ்மித்துக்கு பிட்ச் பண்றார். 24 யார்டு டச்டவுன். எட்டு கேட்டாங்க, இருபத்துநாலு கொடுத்தோம்.

சுழல்பந்து:
அந்த ஆட்டத்தில் தோற்றது யார் என்று எழுத மறந்துவிட்டீர்கள். 31-30. அந்த டச்டவுனுக்குப் பிறகு 48 விநாடி மீதம். டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரே முயற்சியில் இரண்டு பாயின்ட் எடுத்தால் தேசியப் பட்டம். தூரம் 3 யார்டு. நெப்ராஸ்கா கோச் ஆஸ்போர்ன் என்ன ஆட்டம் கூப்பிட்டார்? பாஸ். 3 யார்டுக்கே ஆப்ஷனை நம்பாதவர் 8 யார்டுக்கு நம்பினார் என்கிறீர்கள்.

புதுவாசகி:
ஒரு கேள்வி. 'லாங்' என்றால் இங்கே எத்தனை யார்டு? 6 என்றால் ஒரு பதில், 12 என்றால் வேறு பதில் இல்லையா?

நெப்ராஸ்கா பித்தன்:
3 யார்டுல பாஸ் போட்டதுக்குக் காரணம் இருக்கு. டச்டவுன் போடுற எண்டு ஸோன் பக்கத்துல சேஃப்டிக்குப் பின்வாங்க இடமே கிடையாது. பதினொரு பேரும் கோட்டு மேல நிக்கிறாங்க. ஆப்ஷனுக்கு உயிரே டிஃபென்ஸ் பரவி நிக்கிறதுதான். அதனாலதான் சொல்றேன், தூரம் கூடக் கூட ஆப்ஷனுக்கு இடம் கூடுது. ஃபோர்த் அண்ட் எய்ட், 24 யார்டு.

மஞ்சள்குளவி:
ரெண்டு பேரும் 80, 90கள்லயே நிக்கிறீங்க. ஜார்ஜியா டெக்கைப் பாருங்க. அங்க கோச்சா இருந்த பால் ஜான்சனோட ஃப்ளெக்ஸ்போன்ல ஸ்லாட்பேக்னு சொல்ற ஓட்டக்காரங்க ரெண்டு பேரும் லைனோட ஓரத்தை ஒட்டி நின்னாங்க. அது பாஸை நம்பி ஆடுற ரன் அண்ட் ஷூட் ஆட்டத்தோட அமைப்பு. பந்து எடுத்த உடனே அவங்க ரெண்டு பேர், வெளியே நிக்கிற ரிசீவர் ரெண்டு பேர்னு நாலு பேரும் நேரா மேல ஓட முடிஞ்சது. சேஃப்டி ரெண்டு பேர், ஓடுறவங்க நாலு பேர். 2009ல ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் 46 கேட்ச், 1,154 யார்டு, ஒரு கேட்சுக்கு 25 யார்டு. 2011ல ஸ்டீஃபன் ஹில் 28 கேட்ச்ல 820 யார்டு. ஆப்ஷன் டீமால பாஸ் போட முடியாதுன்னு சொல்றவங்க இந்த எண்ணைத் தாண்டிப் போகட்டும்.

சுழல்பந்து:
அந்த 25 யார்டு கேட்சுகளில் எத்தனை ஃபர்ஸ்ட் டவுனில் வந்தவை? டைவ் வரும் என்று சேஃப்டி முன்னால் ஓடி வந்த பிறகு தலைக்கு மேல் போட்ட பந்துகள் அவை. தேர்ட் அண்ட் நைனில் டைவ் போலக் காட்டினால் எந்த சேஃப்டி ஏமாறுவார்? 2010 ஜனவரி ஆரஞ்ச் பௌலில் அயோவாவுக்குத் தயாராக ஒரு மாதம் கிடைத்தது. முதல் இரண்டு டவுனிலேயே டைவை நிறுத்தினார்கள். மொத்த ஆட்டத்திலும் ஜார்ஜியா டெக் எடுத்தது 155 யார்டு. 24-14 தோல்வி. அதே 2009 அணி, அதே தாமஸ்.

மஞ்சள்குளவி:
அந்த வருஷம் ஏசிசி லீக் பட்டம் ஜெயிச்ச அணி அது. கிளெம்சனை 39-34.

நெப்ராஸ்கா பித்தன்:
அந்தப் பட்டத்தைத்தான் 2011ல காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கிற என்சிஏஏ பறிச்சிடுச்சே. பட்டியல்லயே கிடையாது.

மஞ்சள்குளவி:
பறிச்சது காகிதத்துல. களத்துல நடந்த ஆட்டத்தை யாரும் பறிக்க முடியாது. போன வருஷமும் இதே குத்தலை எழுதினீங்க, நான் மறக்கலை. உங்களுக்கு ஆதரவா பேச வந்தவனையே அடிக்கிறீங்க.

ஹட்சன்கரை:
அடிப்படையையே யாரும் பேசவில்லை. அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டில் கோச் ஜெஃப் மாங்கன் தேர்ட் அண்ட் எய்ட்டில் எட்டு யார்டு தேடுவதில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடும் ஃபோர்த் டவுனிலும் ஆடப்போகிறோம் என்று முன்பே முடிவெடுத்துவிட்டால், எட்டு யார்டு என்பது இரண்டு நான்கு யார்டு. தேர்ட் டவுனில் டிரா: குவாட்டர்பேக் பாஸ் போல இரண்டு அடி பின்வாங்குவார், நம் லைனின் டேக்கிள்கள் எதிரணி எண்டுகளை வெளியே போக விடுவார்கள், லைன்பேக்கர்கள் ஐந்தாறு யார்டு இறங்கியதும் நடுவில் ஐந்து யார்டு கிடைக்கும். பிறகு ஃபோர்த் அண்ட் த்ரீ. அது ஆப்ஷன் அணியின் சொந்த ஊர். 2018இல் ஓக்லஹோமாவின் மைதானத்தில் ராணுவ அணி 44 நிமிடம் 41 விநாடி பந்தைக் கையில் வைத்திருந்தது. 60 நிமிட ஆட்டத்தில்.

சுழல்பந்து:
28-21 தோல்வி. கூடுதல் நேரத்தில் பாஸ் போட வேண்டி வந்தது, பந்து எதிராளி கையில் போனது. நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி கொண்டு வருகிறீர்கள். 2004 எமரால்டு பௌலில் கடற்படைக் கல்லூரி அணியான நேவி நடத்திய 14 நிமிடம் 26 விநாடி டிரைவையும், அதாவது தொடர் முன்னேற்றத்தையும், அடுத்து எடுத்து வருவீர்கள், தெரியும். 26 பிளே, 94 யார்டு, கிடைத்தது ஃபீல்டு கோல். மூன்று பாயின்ட்.

ஹட்சன்கரை:
அந்த ஒரு டிரைவில் நியூ மெக்ஸிகோவுக்கு ஒரு குவாட்டர் நேரமே போய்விட்டது. நேவி 34-19 வென்றது. அதை ஏன் விட்டீர்கள்?

நெப்ராஸ்கா பித்தன்:
ஃபோர்த் டவுனுக்கு மிச்சம் வைக்கிறதெல்லாம் உங்க ஊர் பழக்கம். நாங்க வெளிப்பக்கமே அடிப்போம். ஸ்பீட் ஆப்ஷன்ல டைவ் கிடையாது. குவாட்டர்பேக் நேரா எண்டோட வெளித்தோளைப் பார்த்து ஓடணும். எண்டு உள்ளே திரும்பினா பிட்ச். பிட்ச் வாங்குறவர் நாலு யார்டு பக்கவாட்டுல, ஒரு யார்டு பின்னாடி இருக்கணும். நெருங்கினா ஒரே எண்டு ரெண்டு பேரையும் பிடிச்சிடுவார். கார்னர் ஒரே ஆளைப் பின்தொடர்ற மேன் கவரேஜ்ல இருந்தா ரிசீவர் பின்னாடியே முதுகைக் காட்டிட்டு ஓடுவார், பந்து பிட்ச் ஆனதே அவருக்குத் தெரியாது. எட்டு யார்டு என்ன, இருபத்துநாலே வரும்.

சுழல்பந்து:
கவர் டூ, அதாவது சேஃப்டி இருவர் ஆழத்தைப் பிரித்துக்கொள்ள கார்னர் முன்னால் உள்ள இடத்தைக் காக்கும் முறை, என்றால்? கார்னர் ஆறு யார்டில் நின்று கண்ணைப் பின்களத்தில் வைத்திருப்பார். பிட்ச் கையில் விழும்போதே அடி விழும். எண்டும் பாய்ந்து வராமல் பக்கவாட்டில் நகர்ந்து நேரத்தை இழுத்தால் குவாட்டர்பேக் தாமதமாக பிட்ச் செய்வார். மூன்று யார்டு நஷ்டம். 2022 விதிக்குப் பிறகு லைனின் நடுப்பகுதியான டேக்கிள் பாக்ஸுக்கு வெளியே இடுப்புக்குக் கீழே தடுக்கவும் முடியாது. உங்கள் சிறிய ஸ்லாட்பேக் பெரிய சேஃப்டியை நின்றபடி தள்ள வேண்டும். அதனால்தான் ராணுவ அணியே 2023இல் குவாட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கும் ஷாட்கனுக்கு ஓடியது.

ஹட்சன்கரை:
2024இல் மறுபடியும் குவாட்டர்பேக்கை சென்டரை ஒட்டி நிறுத்தும் பழைய முறைக்கு வந்து 12 ஆட்டம் வென்றார்கள். குவாட்டர்பேக் பிரைசன் டெய்லி 32 ரஷிங் டச்டவுன். பாதி வரலாறு எழுதாதீர்கள்.

புதுவாசகி:
இன்னும் யாரும் சொல்லவில்லை. லாங் என்பது எத்தனை யார்டு?

மஞ்சள்குளவி:
பித்தன் முதல்ல அந்த 'பட்டியல்லயே கிடையாது'வைத் திரும்ப வாங்கட்டும். அப்புறம்தான் நான் பதில் எழுதுவேன்.

நெப்ராஸ்கா பித்தன்:
வாங்க மாட்டேன், அது உண்மை. சுழல்பந்து சார், நீங்க கவர் டூன்னு சொல்லிட்டா விட்டுடுவேனா? கார்னர் ஃபிளாட்ல, அதாவது ஓரத்துல முன்னாடியே, உட்கார்ந்தா அவருக்கும் சேஃப்டிக்கும் நடுவுல 15 யார்டுல ஓட்டை. பிட்ச்சுக்கு ஓடுற மாதிரி நாலு அடி வெச்ச ஸ்லாட்பேக் அப்படியே மேல திரும்பினா வீல் ரூட். 1969 டிசம்பர் 6, ஆர்கன்சாவுக்கு எதிரா டெக்ஸஸ், ஃபோர்த் அண்ட் த்ரீ. விஷ்போன்ங்கிற ஆப்ஷன் அமைப்புல வீர்ங்கிற ஓட்டம் ஓடுற மாதிரி காட்டி ஜேம்ஸ் ஸ்ட்ரீட் போட்ட பாஸ் ராண்டி பெஷெலுக்கு 44 யார்டு. 15-14.

சுழல்பந்து:
3 யார்டு தேவைப்பட்ட டவுன் அது. ஓட்டம் வரும் என்று டிஃபென்ஸ் நம்பிய டவுன். எட்டு யார்டைப் பற்றிக் கேட்டால் மூன்று யார்டைக் காட்டுகிறீர்கள். அதிலும் பாஸ்தான் காப்பாற்றியிருக்கிறது.

நெப்ராஸ்கா பித்தன்:
எட்டு யார்டுதானே வேணும்? ஃபோர்த் அண்ட் எய்ட். கில் டு ஸ்மித். 24 யார்டு.

சுழல்பந்து:
அடுத்த பிளே, 3 யார்டு. பாஸ். அதுவும் தட்டிவிடப்பட்டது.