எலும்புருவாக்கியா, என்புதூண்டு புரதமா?

வணக்கம் அண்ணை,

பெற்றோருக்கான எங்கள் குறிப்பில் bone morphogenetic protein (BMP), அதாவது புது எலும்பு உண்டாகச் செய்யும் புரதத்தை, தமிழில் என்னவென்று எழுதுவது? நீங்கள் சொன்ன 'எலும்புருவாக்கிப் புரதம்' அந்த ஆங்கில மூலச் சொல்லுக்கு நெருக்கமானதுதான். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: எலும்புருவாக்கி, எலும்புருக்கி. சயரோகத்தின் அந்தப் பழைய பெயரைக் கேட்டு வளர்ந்த அப்பம்மா ஒருவர் பேரப்பிள்ளையோடு வந்து நின்றால், அவர் காதில் எது விழும்?

'எலும்பு வளர்ப்புப் புரதம்' என்பதும் சரிவராது. முரசெலும்பில், அதாவது பற்களைத் தாங்கும் தாடையெலும்பில், பிளவோடு பிறந்த பிள்ளையின் தாய் ஒருவருக்கு என் வரைவை வாசித்துக் காட்டினேன். "சத்துமாவில கலந்து குடுக்கிறதோ?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. வளர்ப்பும் புரதமும் சேர்ந்தால் சாப்பாடுதான் நினைவுக்கு வரும்.

இது செய்யும் வேலை வேறு. 1965இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச்சத்து நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். எலும்புக்கு இடமே இல்லாத தசையில் புது எலும்பு உண்டானது. வைத்த துண்டு வளரவில்லை. அதிலிருந்த புரதம், சுற்றியிருந்த கலங்களை எலும்புக் கலங்களாக மாறத் தூண்டியது. அவரே அதைத் தூண்டல் என்றுதான் விளக்கினார். மின்காந்தத் தூண்டல் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புதிதில்லை.

இன்று அந்தப் புரதத்தைக் கொலாஜன் என்ற நார்ப்புரதப் பஞ்சில் ஊறவைத்துத் தாடையின் குறையிடத்தில் வைக்கிறார்கள். அங்கே வைப்பதற்கு இடுப்பெலும்பிலிருந்து துண்டு வெட்டி எடுக்கும் நோவு இல்லை. ஆனால் முகம் நன்றாக வீங்கலாம். 2007இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதியும் பல் பிடுங்கிய இடம் போன்ற சிலவற்றுக்குத்தான், பிள்ளைகளின் பிளவுக்கு அல்ல. குறிப்பில் இவ்விரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆகவே என் தெரிவு 'என்புதூண்டு புரதம்'. மூலச் சொல்லின் morpho, அதாவது 'உரு', விடுபடுகிறதே என்பீர்கள். விடுபடட்டும், தாடைக்கு உருவம் கொடுப்பது வைத்தியரின் கை. பாடப்புத்தகத்தில் உள்ள 'என்பு' கலைச்சொல்லில் இருக்கட்டும். பெற்றோருக்கான குறிப்பில் 'எலும்பு' என்றே எழுதுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. ஆங்கிலச் சுருக்கெழுத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது.

அந்தத் தாய்க்கு நேற்று மறுபடி வாசித்தேன், 'எலும்பைத் தூண்டும் புரதம்' என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எலும்பு பிள்ளையின்ர உடம்புதான் செய்யுதோ?" என்றார். ஓம் என்றேன்.