சொந்தக் கதாபாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆளாக மாறுகிறது: உதவி தேவை

வேலிப்பருத்தி:
அனைவருக்கும் வணக்கம். நானே உருவாக்கிய ஒரு சிறுமியை நாயகியாக வைத்துச் சித்திரக்கதை ஒன்று வரைந்து வருகிறேன். இதுவரை 41 பக்கங்கள் முடிந்துள்ளன. நேற்று முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது மனம் உடைந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைப் பார்த்த என் தம்பி, "இது அவளுடைய அக்காவா?" என்று கேட்டான். நாள் தவறாமல் பயிற்சி செய்கிறேன், கையும் முன்பைவிட நன்றாகத் தேறியிருக்கிறது, ஆனால் கை தேறத் தேற அவள் முகம் அவளுடையதாக இல்லாமல் போகிறது. 15ஆம் தேதிக்குள் அடுத்த அத்தியாயத்தை முடித்தாக வேண்டும். என்ன செய்யலாம் என்று விரைவாகச் சொல்லுங்கள்.

மைக்கூடு:
வணக்கம். படம் எதையும் இணைக்காததால் சில விவரங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. தாளில் வரைகிறீர்களா, டேப்லெட்டிலா? சிறுமிக்கு எத்தனை வயது? நேர்முகமே மாறுகிறதா, முக்கால் முகமும் பக்கவாட்டு முகமும் மட்டும் மாறுகின்றனவா? தொடங்கும்போது மாடல் ஷீட் (பாத்திரத்தைப் பல கோணங்களில் வரைந்து வைக்கும் மாதிரித் தாள்) ஏதேனும் வரைந்து வைத்தீர்களா? இவை தெரியாமல் நாங்கள் சொல்வதெல்லாம் ஊகமாகவே இருக்கும்.

படலம்:
டேப்லெட் என்றால் இதற்கு நேரான வழி உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு முகத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, ஒளிபுகாநிலையைக் குறைத்து மங்கலாக்கி, அதன்மீதே புதிய முகத்தை வரையுங்கள். அவ்வப்போது திரையை இடவலமாகப் புரட்டியும் பாருங்கள். கண்ணுக்குப் பழகிப்போன கோணல் புரட்டிய உடனே தெரிந்துவிடும். தாளில் வரைபவர்கள் தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். நான் ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், என் பாத்திரங்கள் மாறியதே இல்லை.

கரிக்கோல்:
லேயரின்மீது ஒற்றி எடுத்தால் அந்த ஒரு கோணம் மட்டுமே கைக்கு வரும். கதையில் அவள் நிமிர்வாள், குனிவாள், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பாள். என் அனுபவத்தில் இதற்கு மருந்து களிமண். எலுமிச்சம்பழ அளவில் அவளுடைய தலையை ஒரே ஒருமுறை பிடித்து வைத்துவிடுங்கள், மேசை விளக்கின் கீழ் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவளே தெரிவாள். 1940இல் வெளிவந்த பினோக்கியோ படத்துக்காக டிஸ்னி நிறுவனத்தில் ஜோ கிராண்டின் பிரிவினர் பாத்திரங்களை முப்பரிமாண உருவங்களாகச் செய்து ஓவியர்களின் கையில் கொடுத்தார்கள். ஒரே முகத்தைப் பலர் வரைய வேண்டியிருந்த இடத்தில் பயன்பட்ட வழி, தனியாக வரைபவருக்கும் பயன்படும்.

நேர்கோடு:
தம்பி, இதே கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். அடிப்படை இல்லாமல் 41 பக்கம் வரைந்தால் இதுதான் நடக்கும். ஓவியப் பாடநூல்கள் எழுதிய ஆண்ட்ரூ லூமிஸ் கற்பித்ததுபோல, முதலில் ஒரு பந்து, அதன் இரு பக்கங்களையும் சீவிய தட்டையான பகுதி, நடுக்கோடு, புருவக்கோடு என்று தலையைக் கட்டிப் பழகுங்கள். கண் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்க வேண்டும். இரு கண்களுக்கிடையில் ஒரு கண்ணின் அகலம் இருக்க வேண்டும். ஆறு மாதம் வேறெதையும் வரையாமல் இதை மட்டும் செய்தால் பாத்திரம் தானாக நிலைத்துவிடும்.

வேலிப்பருத்தி:
நான் தம்பி அல்ல, ஐயா. ஆறு மாதம் கதையை நிறுத்தவும் முடியாது. மைக்கூடு கேட்டவற்றுக்கு: தாளில் 2பி பென்சிலால் வரைந்து, பிறகு மையிடுகிறேன். அவளுக்கு ஒன்பது வயது. நேர்முகமே மாறுகிறது. மாடல் ஷீட் இல்லை, அவள் என் மனத்தில் தெளிவாக இருந்ததால் தேவைப்படவில்லை. பயிற்சி என்று நான் சொன்னது புகைப்படங்களைப் பார்த்து முகம் வரைவதை. ஓராண்டாகச் செய்து வருகிறேன்.

மைக்கூடு:
புகைப்படத்தில் இருப்பவர்கள் எந்த வயதினர்? இன்னொன்றும் தேவை. முதல் சில பக்கங்களில் ஒரு நேர்முகத்தையும், கடைசிப் பக்கங்களில் ஒரு நேர்முகத்தையும் எடுத்து ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். உச்சி முதல் மோவாய் வரை எவ்வளவு, உச்சியிலிருந்து கண்ணின் நடுவரை எவ்வளவு, ஒரு கண்ணின் அகலம் எவ்வளவு, இரு கண்களுக்கு இடைவெளி எவ்வளவு என்ற நான்கும் போதும். உச்சி என்பது மண்டையின் உச்சி. மயிரின் உயரத்தைச் சேர்த்துவிடாதீர்கள், அது படத்துக்குப் படம் உப்பியும் அமுங்கியும் கணக்கைக் கெடுத்துவிடும்.

படலம்:
அளவு எடுப்பதெல்லாம் நல்லதுதான், ஆனால் முடிந்துபோன 41 பக்கங்களை என்ன செய்வது? முதல் பத்துப் பக்கங்களையாவது இப்போதைய கையால் மறுபடி வரைவதே முறை என்பேன். பெல்ஜியச் சித்திரக்கதை ஓவியர் ஹெர்ஜே தம் டின்டின் கதைகளில் ஒன்றான 'கறுப்புத் தீவை' 1966இல் முழுவதுமாக மறுபடி வரைந்து வெளியிட்டார். அவ்வளவு பெரிய கலைஞரே பழைய வேலையை அப்படியே விட்டுவிடவில்லை.

கரிக்கோல்:
எடுத்துக்காட்டு பொருந்தவில்லை, நண்பரே. அந்தக் கதை பிரிட்டனில் நடக்கிறது. அதில் காட்டப்பட்டிருந்த பிரிட்டன் காலத்துக்கு ஒவ்வாமல் இருப்பதாக ஆங்கிலப் பதிப்பாளர் சுட்டிக்காட்டியதால், உதவியாளர் பாப் டி மூரை நேரில் அனுப்பிக் குறிப்பெடுத்து வரச் செய்து வரைந்தார்கள். ரயிலும் உடையும் கட்டடமும் பொருந்த வேண்டும் என்பதுதான் அங்கே சிக்கல், நாயகனின் முகம் அன்று. மறுபக்கம் 'பீனட்ஸ்' என்ற நாளிதழ்ச் சித்திரத் துணுக்குகளை வரைந்த சார்லஸ் ஷுல்ஸைப் பாருங்கள். 1950இல் ஸ்னூபி நான்கு காலில் நடந்த சாதாரண நாய்க்குட்டி. பிறகு இரண்டு காலில் நிமிர்ந்தது, மூக்கு நீண்டது, தலை பெருத்தது. 2000 வரை தொடர்ந்த அந்தத் துணுக்குகளில் பழையவற்றை அவர் திருத்தி வரையவில்லை, வாசகர்களும் அந்த நாயை இழக்கவில்லை.

படலம்:
ஐம்பது ஆண்டுகளில் நாளுக்கு ஒரு துணுக்காக மெல்ல மாறியதும், ஒரே அமர்வில் படித்து முடிக்கப்படும் கதையில் 41 பக்கங்களுக்குள் மாறுவதும் ஒன்றாகாது. முகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொன்று சொல்கிறேன். 1970இல் சித்திரக்கதை ஓவியர் ஜாக் கிர்பி, சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்துக்கு வந்து சூப்பர்மேனை வரைந்தபோது, அவர் வரைந்த முகம் தங்கள் சூப்பர்மேனாக இல்லை என்று சொல்லி, அல் பிளாஸ்டினோ, பின்னர் மர்ஃபி ஆண்டர்சன் என்ற வேறு ஓவியர்களைக் கொண்டு அந்த முகங்களை மட்டும் மாற்றி வரைய வைத்தார்கள்.

கரிக்கோல்:
அதை நல்ல முன்மாதிரியாகச் சொல்கிறீர்களா? கிர்பியின் உடலும் வேறொருவரின் முகமும் ஒட்டாமல் நிற்கும் அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே மனம் வலிக்கும். பழைய பக்கத்தில் இன்றைய கையால் முகத்தை மட்டும் மாற்றினால் இவருக்கும் அதே ஒட்டாமைதான் வரும்.

நேர்கோடு:
கேட்டவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை, நீங்கள் இருவரும் வரலாறு பேசுகிறீர்கள். அடிப்படை வந்துவிட்டால் மறுபடி வரையும் தேவையே எழாது.

வேலிப்பருத்தி:
அளந்துவிட்டேன். 2ஆம் பக்கத்தில் தலை 50 மி.மீ., உச்சியிலிருந்து கண் 30 மி.மீ., கண்ணின் அகலம் 9, இடைவெளி 13. 40ஆம் பக்கத்தில் தலை 64 மி.மீ., கண் 33 மி.மீ., அகலம் 11, இடைவெளியும் 11. புகைப்படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.

மைக்கூடு:
மிக்க நன்றி. நோய் இந்த எண்களிலேயே இருக்கிறது. முதலில் அவளுடைய கண்கள் தலையின் உயரத்தில் 60 விழுக்காடு இறங்கிய இடத்தில் இருந்தன. இப்போது ஏறத்தாழ 52 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டன. குழந்தைகளுக்கு மண்டையோட்டோடு ஒப்பிட்டால் முகப்பகுதி சிறியது என்பதால் கண்கள் பாதிக்குக் கீழே அமையும். வளர வளரத் தாடையும் மூக்கும் நீண்டு, கண் ஏறக்குறைய நடுக்கோட்டுக்கு வந்துவிடும். ஓராண்டாகப் பெரியவர்களின் முகங்களை வரைந்ததால் உங்கள் கை அந்த நடுக்கோட்டைப் பழகிக்கொண்டு, அவளுக்கும் அதையே கொடுத்துவிட்டது. உங்கள் தம்பி அக்கா என்று சொன்னது முற்றிலும் சரியான பார்வை. நீங்கள் அவளை ஒன்பதிலிருந்து பதினாறுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

இரண்டாவது மாற்றம் இதைவிட நுட்பமானது. முன்பு அவளுடைய கண்களுக்கிடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கண் அகலம் இருந்தது, இப்போது சரியாக ஒரு கண் அகலம் இருக்கிறது. நேர்கோடு சொன்ன விதி பொதுவான முகத்துக்குச் சரிதான், ஆனால் அந்த அகன்ற இடைவெளிதான் அவள். அறியாமல் வரைந்த பிழையாக அது தொடங்கியிருக்கலாம், 41 பக்கம் அவளோடு வாழ்ந்தபின் அது அவளுடைய அடையாளம். கற்றுக்கொண்ட சராசரி முகத்தை நோக்கி நம் பாத்திரத்தைத் 'திருத்தி'விடும் இந்தப் பழக்கம் நன்றாகப் பயிற்சி செய்பவர்களுக்கே வருகிறது, அதனால் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது சிறியது. ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் 2ஆம் பக்கத்து விகிதங்களைக் கொண்டு நேர்முகம், முக்கால் முகம், பக்கவாட்டு முகம், பின்தலை ஆகிய நான்கையும் ஒரே உயரத்தில் வரிசையாக வரைந்து, புருவம், கண், மூக்கடி, மோவாய் வழியாகப் படுக்கைக் கோடுகளை நான்கின் குறுக்கேயும் இழுங்கள். தலை குனியாமல் நிமிராமல் திரும்பும்வரை இந்த உயரங்கள் மாறா. அகலங்கள்தாம் மாறும், முக்கால் முகத்தில் அப்பால் உள்ள கண் குறுகும். கோட்டின் ஓட்டம், மையின் அழுத்தம், துணியின் மடிப்பு எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் தேறட்டும், அவற்றால் அவள் வேறு ஆளாக மாட்டாள். இன்னொரு நாள் பயிற்சிக்குச் சிறுவர்களின் முகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு:
குழந்தையின் தலை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் கண்ணைக் கீழே இறக்கச் சொல்லியிருப்பேன். ஆனாலும் பந்திலிருந்து தொடங்கும் முறை குழந்தைக்கும் பொருந்தும். பந்து அதேதான், கீழே சேர்க்கும் தாடை மட்டும் குட்டை. அந்தச் சகோதரி இதையும் கவனிக்கட்டும்.

கரிக்கோல்:
மைக்கூடு சொன்ன நான்கு முகங்களை வைத்தே களிமண் தலையையும் செய்துவிடலாம் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன். வெடிக்காதிருக்க நிழலில் மெல்லக் காயவிடுங்கள்.

வேலிப்பருத்தி:
42ஆம் பக்கத்தை முடித்தேன். நேர்முகம் அவளுடையதாகவே வந்துவிட்டது. கண்ணைக் கீழே வைக்கும்போது கை நடுங்கியது, தவறு செய்வதுபோலவே இருந்தது, மையிட்டபின் சரியாகத் தெரிந்தது. குனிந்து கோலம் போடும் கட்டத்தில் மட்டும் காது எங்கே வர வேண்டும் என்று புரியவில்லை. பழைய பக்கங்களைப் பற்றி 15ஆம் தேதிக்குப் பிறகு யோசிப்பேன். எல்லோருக்கும் நன்றி.

மைக்கூடு:
நேராகப் பார்க்கும்போது காது புருவக்கோட்டுக்கும் மூக்கடிக்கோட்டுக்கும் இடையில் இருக்கும். தலை முன்னால் குனியும்போது முகத்தின் கோடுகள் கீழ்நோக்கி வளைந்து இறங்க, காது கண்ணைவிட மேலே ஏறித் தெரியும். நிமிர்ந்தால் இதற்கு நேர்மாறு. அவள் எவ்வளவு குனிந்திருக்கிறாள், பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? அந்தக் கட்டத்தின் படத்தை இணைத்தால் கோடிட்டுக் காட்டுகிறேன்.