டூலா வச்சுக்கலாமா? லேபர் ரூம்ல உள்ள விடுவாங்களா?

கோவை_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. 31 வாரம் முடிஞ்சிருக்கு, தலைப்பிரசவம், பிரைவேட் ஆஸ்பத்திரிலதான் பாக்கறோம். எனக்கு அம்மா இல்ல, அத்தைக்கு முட்டி வலி ராத்திரி முழுக்க நிக்க முடியாது, எங்க வீட்டுக்காரர் ரத்தத்தப் பாத்தாலே மயங்கற ஆளு. பிரண்டு ஒருத்தி, பிரசவ வலியப்போ கூடவே இருக்கறதுக்கு டூலான்னு ஒரு ஆள வச்சுக்கோங்கறா. அத்தைகிட்ட சொன்னா "கையப் புடிச்சுக்க காசு குடுத்து ஆளா"ன்னு சிரிக்கறாங்க. நெசமாவே என்னதாங்க பண்ணுவாங்க, மருத்துவச்சி மாதிரியா?

ரெண்டுவாலு_அம்மா:
அத்தை சொன்னது பாதி கரெக்டுதான், கையத்தான் புடிச்சாங்க, ஆனா 14 மணி நேரம் விடாம புடிச்சாங்க! எனக்கு ரெண்டாவதுக்கு டூலா இருந்தாங்க, வலி பூரா இடுப்புக்குப் பின்னாடிதான், ஒவ்வொரு வலி வரும்போதும் உள்ளங்கை அடிப்பகுதிய வச்சு முதுகுத்தண்டு முடியற எடத்துல அழுத்திப் புடிப்பாங்க பாருங்க, அப்பதான் மூச்சே வரும். நடக்க வைக்கறது, பந்து மேல உக்கார வச்சு இடுப்ப ஆட்டச் சொல்றது, ஸ்ட்ரா போட்டு தண்ணி குடுக்கறது, வேர்த்து மூஞ்சில ஒட்டற முடிய ஒதுக்கி விடறதுன்னு ஏதாவது ஒண்ணு பண்ணிட்டே இருந்தாங்க. நர்ஸ் டியூட்டி ரெண்டு தடவ மாறிடுச்சு, இவங்க மட்டும் மாறல.

சந்தேகசாமி:
இதெல்லாம் ஃபேஷன்ங்க. 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்லயே பிரசவம் பாத்து ஒரு பொண்ணு செத்துப்போச்சே, மறந்துட்டீங்களா?

நைட்டூட்டி_நர்ஸ்:
@சந்தேகசாமி ரெண்டும் வேற வேறங்க. டூலா பிரசவம் பாக்க மாட்டாங்க, உள்பரிசோதனை, பிபி, குழந்தை இதயத்துடிப்பு, மருந்து எதுலயும் கை வைக்கக் கூடாது, அதெல்லாம் எங்க வேலை. லேபர் வார்டுல நாலு பேருக்கு ஒரு நர்ஸ்னா ஒருத்தர் பக்கத்துலயே எப்படிங்க உக்கார முடியும், அந்த எடத்துக்குத்தான் டூலா. காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளையெல்லாம் சேத்துப் பாக்கற ஒரு அமைப்பு இருக்கு, 2017ல வந்த அவங்க தொகுப்புல 17 நாட்டுல நடந்த 26 ஆய்வு, 15,000க்கு மேல பொண்ணுங்க, கூடவே ஒரு ஆள் இருந்தவங்களுக்கு சுகப்பிரசவம் கொஞ்சம் அதிகமாவும் சிசேரியன் கொஞ்சம் கம்மியாவும் வலி நேரம் குறைவாவும் இருந்திருக்கு. உடனே "நான் வந்தா சிசேரியனே ஆகாது"ன்னு எவங்களாவது சொன்னா அவங்கள வச்சுக்காதீங்க. ட்ரிப் போடக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்ட ஒரு டூலாவ நானே பாத்திருக்கேன், பாவம் அந்தப் பொண்ணு வலியோட வலியா இதையும் கேட்டுட்டுக் கிடந்துச்சு. எபிடியூரல் (வலி தெரியாம இருக்க முதுகுல போடற ஊசி) வேணும்னு நீங்க கேட்டா சரின்னு கூட நிக்கறவங்கதான் நல்ல டூலா.

மதுரைக்காரன்:
என் சம்சாரத்துக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரிலதான், எங்க அக்கா உள்ள போச்சு. அங்க பிரசவத் துணைக்கு ஒரு பொம்பள ஆள விடுவாங்க, புள்ள பெத்த அனுபவம் இருக்கறவங்களாப் பாத்து அனுப்பணும். காசெல்லாம் இல்ல. அக்காவுக்கு டூலான்னா என்னன்னே தெரியாது, ஆனா நீங்க சொல்ற அத்தனையும் பண்ணுச்சு, கூட கொஞ்சம் திட்டவும் செஞ்சுச்சு 😄 சித்தி, அண்ணின்னு தைரியமான ஆள் யாராச்சும் இருந்தா முதல்ல அவங்களக் கேளுங்க.

ரெண்டுவாலு_அம்மா:
மல்லி, காசு பேசறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில கேட்டுருங்க. டாக்டர் சரிம்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல நிக்கற அம்மா விடமாட்டாங்க. எனக்கு முக்கா மணி நேரம் அப்படித்தான் போச்சு. உங்க கேஸ் ஃபைல்ல டாக்டர் கையால எழுதி வாங்கிக்கங்க. அன்னிக்கு டூலா வேற பிரசவத்துக்குப் போயிட்டா பதிலுக்கு யார் வருவாங்கன்னும் கேளுங்க.

கோவை_மல்லி:
ரொம்ப தேங்க்ஸ்ங்க. இன்னிக்கு செக்கப்ல கேட்டேன், ஒரு ஆள்தான் உள்ள, வீட்டுக்காரரா டூலாவான்னு முடிவு பண்ணிச் சொல்லுங்கன்னுட்டாங்க. சித்தி ஊர்ல இருக்காங்க, கேட்டுப் பாக்கணும். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், "நீ யார வேணா கூட்டிட்டுப் போ, நான் வெளிய டீ வாங்கற வேலையப் பாத்துக்கறேன்"னாரு, மூஞ்சில அப்படியொரு நிம்மதி.