முன்தோல் உள்ளவர்களுக்கான ஆணுறைக் குறிப்பு: இரண்டு உதவி வேணும்

யாழ்ப்பாணத்துப் பெடியளுக்காக ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் தயாரிக்கிறம். விஷயம், சுன்னத்துச் செய்யாதவர்கள் ஆணுறை போடும் முறை. பெட்டிக்குள் வரும் படங்களில் பெரும்பாலும் முன்தோலே இராது. சிக்கல் அங்கேதான் தொடங்குது.

இப்போதைக்கு எழுதியிருப்பது:

விறைத்த பிறகு முன்தோலை முழுதாகப் பின்னுக்குத் தள்ளவும். உறையின் நுனியைக் கிள்ளிப் பிடித்தபடி பாதிவரை உருட்டவும். பிறகு உறை மூடிய தோலை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தை அடிவரை உருட்டவும். இந்த நடுப்படியை விட்டால், தோல் அசையும்போது உறையும் சேர்ந்து இழுபடலாம், இறுக்கலாம், கழரலாம். போட முன்னம் உறையின் நுனிக்குள், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கும் ஜெல் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் உறையின் லேற்றெக்ஸ் ரப்பரைப் பழுதாக்கும். தோல் பின்னுக்குப் போகாவிட்டால் இழுக்கவே வேண்டாம், மேலாலேயே போடலாம். போன தோல் திரும்பாமல் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

இனி உதவி. ‘வழுக்கி’ என்று எழுதினால் பெடியளுக்கு விளங்குமா, ‘ஜெல்’ போதுமா? மற்றது, உறையைத் தட்டையாக வைத்து அளந்தால் வழமையான அகலம் 52–54 மில்லிமீற்றர். 49, 56 அளவுகள் இங்கே எந்தப் பாமசியில் எடுக்கலாம்? பெட்டியின் பக்கவாட்டில் அளவு இருக்கும், படம் எடுத்துப் போட்டாலும் காணும்.